உடைந்த முன்பல்லைச் செதுக்கி கேப் போடுவதா, ஒட்டிச் சரிசெய்வதா?

34 வயது ஆசிரியை ஒருவர் மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

12 வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவருடைய மேல்வரிசை முன்பல் ஒன்றின் மூலை உடைந்துபோயிற்று. வலி இல்லாததால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மறைக்கப் போகிறதாம். "வகுப்பில் பிள்ளைகள் சிரிக்க வைத்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்" என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். உடைந்த பல் பக்கத்துப் பல்லைவிடச் சற்று மஞ்சளாகவும் தெரிகிறதாம். கீழ்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப்பல்லில் கறுப்பாக ஒரு குழி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது, விழுங்கியதும் அடங்கிவிடுகிறது. இடப்பக்கக் கடைவாய்ப்பல்லில் 15 வருடத்துக்கு முன் வைத்த வெள்ளி நிற அடைப்பு இருக்கிறது. அதன் ஓரம் லேசாக நாக்கில் தட்டுகிறது.

இரண்டு மருத்துவர்களைப் பார்த்திருக்கிறார். முதலாமவர், முன்பற்கள் இரண்டையும், உடையாததையும் சேர்த்து, செதுக்கி கேப் போட்டுவிடலாம், வலப்பக்கக் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கேனால்) செய்யலாம் என்றார். இரண்டாமவர், முன்பல்லில் பல் நிறப் பொருளை ஒட்டிவிடலாம், கடைவாயில் வெள்ளை அடைப்பு போதும், அப்படியே பழைய வெள்ளி அடைப்பையும் மாற்றிவிடலாம் என்றார். முன்பல்லுக்கு இருவருமே எக்ஸ்ரே எடுக்கவில்லை. "ஒட்டினதெல்லாம் ஆறு மாசத்துல விழுந்துடும்" என்கிறார் அக்கா. "பூச்சியை உள்ளே வெச்சு அடைச்சா அது பல்லை அரிச்சுக்கிட்டே இருக்கும், பிடுங்கிடு" என்கிறார் அம்மா. ஒட்டிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று, பற்களை வெளுப்பாக்கும் மருந்தும் வாங்கி வைத்திருக்கிறார். தூக்கத்தில் அவர் பல்லை நறநறவென்று கடிப்பதாகக் கணவர் சொல்கிறார். புது வேலையில் சேர ஒரு மாதமே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட முடியுமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வாயையும் எக்ஸ்ரேயையும் பார்க்காமல் இதைத்தான் செய்ய வேண்டும் என்று நான் முடிவு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதற்கு அவசரப்பட்டுத் தலையாட்டக் கூடாது என்று சொல்ல முடியும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முன்பற்களைச் செதுக்க நீங்கள் இன்னும் சம்மதிக்கவில்லை என்றால், இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். தோல் கிழிந்தால் சேரும், எலும்பு முறிந்தால் கூடும். பல்லின் கெட்டியான மேல் ஓடான எனாமல் மட்டும் போனால் போனதுதான். அதை உருவாக்கும் செல்கள் பல் ஈற்றைக் கிழித்து வெளியே வருவதற்குள் மறைந்துவிடுகின்றன. அதனால் எந்த வைத்தியம் பல்லைக் குறைவாகத் தொடுகிறதோ அதிலிருந்துதான் யோசிக்கத் தொடங்க வேண்டும்.

பூச்சி இல்லை, அமிலம்

அம்மா சொல்வதிலிருந்து தொடங்குகிறேன். நம் பேச்சிலேயே 'பூச்சிப்பல்' என்ற சொல் இருக்கிறது. குழியைப் பார்த்தால் ஏதோ குடைந்த மாதிரிதான் தெரியும், அதனால் அப்படி நினைத்ததில் தப்பில்லை. ஆனால் பல்லைக் குடைவது புழுவோ பூச்சியோ இல்லை. பல்லின் மேல் படியும் பிசுபிசுப்பான படலத்தில் வாழும் பாக்டீரியா, நாம் சாப்பிடும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகிறது. வாயின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தை முறித்து, கரைந்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். அதற்கு நேரம் வேண்டும். அதனால்தான் ஒரே தடவையில் சாப்பிடும் இனிப்பைவிட, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டுக்கொள்ளும் இனிப்பு பல்லை அதிகமாகக் கெடுக்கிறது.

சொத்தை தொடங்கும்போது கறுப்பாக இருக்காது. சுண்ணாம்புப் புள்ளி வைத்த மாதிரி மங்கலான வெள்ளையாக இருக்கும். அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடும் சுத்தமும் இருந்தால் பல்லைத் தோண்டாமலே மீட்டுவிடலாம். உங்கள் வலப்பக்கப் பல் அதைத் தாண்டிவிட்டது. குழி விழுந்த பிறகு எந்தப் பற்பசையும் அதை நிரப்பாது. வெளியே தெரியும் குழியை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடவும் முடியாது. எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம், அதற்கு அடியில் உள்ள டென்டினில் சுமார் 70 சதவீதம்தான். அதனால் சொத்தை மேலே ஊசிமுனை அளவு வாசல் வைத்துக்கொண்டு உள்ளே அகலமாகப் பரவிவிடும். வலிக்கவில்லை என்பதால் சொத்தை சிறியது என்று நினைக்கக் கூடாது.

அம்மாவின் இன்னொரு பயம், உள்ளே வைத்து அடைத்தால் அரித்துக்கொண்டே இருக்கும் என்பது. ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கும் இந்தப் பயம் இருந்தது. கடைசித் துளி சொத்தை வரைக்கும் சுரண்டி எடுத்து, அதிலேயே நரம்பைத் திறந்துவிட்ட பற்கள் ஏராளம். இப்போது அணுகுமுறை மாறிவிட்டது. குழியின் ஓரங்களைச் சுற்றிலும் கெட்டியான, சுத்தமான பல் கிடைக்கும்வரை எடுக்கிறோம். அடியில், பற்கூழுக்கு (பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்மையான பகுதிக்கு) மிக அருகே, மென்மையான டென்டின் கொஞ்சம் மீந்தாலும் நரம்பைத் திறக்காமல் அதை அப்படியே விட்டு மேலே இறுக மூடுகிறோம். உணவு போகும் வழி அடைபட்டால் உள்ளே சிக்கிய பாக்டீரியா முடங்கிப்போகும். 2016-இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் பரிந்துரையும் இதைத்தான் சொல்கிறது. ஓரம் கசியாமல் இருப்பதுதான் இதில் முக்கியம். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: "உள்ளே இருக்கிறது பட்டினி கிடக்கும்மா."

அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை வேண்டுமா? நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்கு நம்பிக்கை தருகிறது. தண்ணீர் பட்டதும் சுரீர், விழுங்கியதும் அடங்கிவிடுகிறது. குளிர்ச்சி விலகியதும் கூச்சமும் விலகினால் பற்கூழ் பெரும்பாலும் உயிரோடு, மீளும் நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். குளிர்ச்சி போன பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நிற்பது, சூடு பட்டால் வலிப்பது, ஒன்றுமே படாமல் தானாக வலிப்பது, ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது, ஈற்றில் கொப்புளம் வருவது ஆகியவை இருந்தால் கதை வேறு. அப்போது வேர் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. முதலாமவர் எக்ஸ்ரேயில் உங்களுக்குத் தெரியாத எதையாவது பார்த்திருக்கவும் கூடும். அதனால் அவர் சொன்னது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். சொத்தையின் கரு நிழலுக்கும் நடுவிலுள்ள பற்கூழ் அறைக்கும் இடையே எவ்வளவு பல் மிச்சமிருக்கிறது என்று கேளுங்கள். குளிர் வைத்துச் சோதித்தாரா என்றும் கேளுங்கள். உங்கள் பல்லின் படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. அதன் நகலை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுவதும் அப்படித்தான்.

ஆறு மாதத்தில் விழுந்துவிடுமா?

அக்கா சொன்னது வெறும் பயமுறுத்தல் இல்லை. அப்படி விழுந்த அடைப்புகளை நானே மாற்றி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பொருளில் குறை இருக்காது, ஒட்டிய விதத்தில் இருக்கும். அதனால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெரிந்துகொண்டு போய் உட்கார்ந்தால் நாற்காலியில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே புரியும்.

வெள்ளை அடைப்பு, பல் நிற அடைப்பு, காம்போசிட் என்று சொல்வதெல்லாம் ஒன்றுதான். பிசினில் நுண்ணிய கண்ணாடித் துகளைக் குழைத்த பசை அது. இதற்கு அடிப்படையான பிசினுக்கு அமெரிக்காவின் ரஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்றார். பசை பல்லில் எப்படிப் பிடிக்கும் என்ற கேள்விக்கு அதற்கு முன்பே, 1955-இல், மைக்கேல் புவானகோர் விடை கண்டிருந்தார். எனாமலை அமிலத்தால் லேசாக அரிக்கச் செய்தால் பிசின் உறுதியாக ஒட்டுகிறது என்பது அவர் கண்டது. யோசித்துப் பாருங்கள், பல்லைக் கெடுப்பதும் அமிலம், அளந்து வைத்தால் ஒட்டவைக்க உதவுவதும் அமிலம். இன்று பெரும்பாலும் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலக் கூழை எனாமலில் 15 முதல் 30 நொடி வைத்துக் கழுவுகிறோம். காற்றடித்து உலர்த்தியதும் அந்த இடம் பளபளப்பை இழந்து, உறைபனி படிந்த மாதிரி வெளிறித் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான குழிகள் அங்கே திறந்திருக்கின்றன. அவற்றுக்குள் பிசின் இறங்கி உறைந்து வேர்விட்ட மாதிரிப் பிடித்துக்கொள்ளும்.

அந்த நேரத்தில் ஒரு துளி எச்சில் பட்டால் போதும், எல்லாக் குழிகளும் மூடிக்கொள்ளும். மறுபடி கழுவி, உலர்த்தி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் அடைப்பு அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் அக்கா சொன்னது நடக்கும். இதைத் தடுக்கத்தான் வாயில் ரப்பர் விரிப்பு மாட்டுகிறோம். மெல்லிய ரப்பரில் துளையிட்டு வேலை செய்யும் பல்லை மட்டும் வெளியே எட்டிப் பார்க்க வைக்கும் ஏற்பாடு அது. சான்ஃபோர்ட் பார்னம் என்ற பல் மருத்துவர் 1864-இல் கண்டுபிடித்தது. முதல் இரண்டு நிமிடம் மூச்சுமுட்டுகிற மாதிரி இருக்கும். மூக்கால் மூச்சு விட்டால் பழகிவிடும். விரிப்பு மாட்ட முடியாத வாய்களும் உண்டு. அப்போது பஞ்சுருளையும் உறிஞ்சு குழாயும் வைத்துச் சமாளிப்பார்கள், நன்றாகச் செய்தால் அதுவும் போதும். ஆனாலும் "எச்சில் படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?" என்ற கேள்வியைக் கேட்டுவிடுங்கள். எந்த நிறுவனத்தின் பசை என்று கேட்பதைவிட இது பத்து மடங்கு பயனுள்ள கேள்வி.

பிறகு பசையைத் தடவி, நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். இறுகும்போது காம்போசிட் கொஞ்சம் சுருங்கும். மொத்தமாகத் திணித்து ஒரே அடியாக இறுக வைத்தால் அந்தச் சுருக்கம் ஓரத்தை இழுத்து இடைவெளி உண்டாக்கலாம். அடியில் உள்ளதும் சரியாக இறுகாமல் போகலாம். அதனால் வழக்கமான காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அளவுக்கு அடுக்கடுக்காக வைப்பார்கள். 4 மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில் வைக்கக்கூடிய வகைகளும் இப்போது உண்டு. ஆக, இது பொறுமை கேட்கிற வேலை. பொறுமையாகச் செய்த கடைவாய் அடைப்பு பத்து ஆண்டும் அதற்கு மேலும் உழைப்பதை நான் பார்த்திருக்கிறேன். குழி ஈற்றுக்குக் கீழே இறங்கி, எவ்வளவு முயன்றும் ஈரத்தை அடக்க முடியாவிட்டால், கிளாஸ் அயனோமர் என்ற வேறொரு பல் நிறப் பொருளை மருத்துவர் சொல்லலாம். அது கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும், ஃபுளோரைடும் கசியவிடும். மெல்லும் அழுத்தத்தைத் தாங்குவதில் காம்போசிட்டுக்குப் பின்னால்தான் நிற்கும்.

குழி மிகப் பெரிதாகி, மெல்லும் பரப்பிலுள்ள முகடுகளில் ஒன்றிரண்டு சரியும் நிலையில் இருந்தால் அடைப்பு மட்டும் போதாது. பல்லை மேலிருந்து அணைத்துப் பிடிக்கிற கேப்போ, பாதிக் கேப்போ அங்கே நியாயம்தான். கேப்பே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். இடம் பார்த்துப் போட வேண்டும் என்கிறேன்.

உங்கள் முன்பல்

மூலை மட்டும் உடைந்த பல்லுக்கு, பக்கத்திலிருக்கும் முழுப் பல்லையும் சேர்த்து கேப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. முழு கேப்புக்காகச் செதுக்கும்போது வெளியே தெரியும் பல்லில் பாதிக்கும் மேல் போய்விடும். நல்ல பல்லையே அவ்வளவு செதுக்கினால், அதன் அதிர்ச்சியில் சில பற்களின் பற்கூழ் பின்னாளில் இறந்துபோவதும் உண்டு. உங்களுக்கு 34 வயது. எந்த கேப்பும் ஆயுள் முழுக்க வராது. அடுத்த தடவை மாற்றும்போது மிச்சமிருக்கும் பல் இன்னும் கொஞ்சம் குறையும். உடையாத பல் என்ன பாவம் செய்தது?

ஒட்டுவது, அதாவது பாண்டிங், இதற்கு நேர் எதிர். உடைந்த விளிம்பைக் கொஞ்சம் வழவழப்பாக்கிச் சரித்துவிட்டு, இல்லாததைச் சேர்க்கிறோம். பெரும்பாலும் ஊசிகூடத் தேவைப்படாது. கைதேர்ந்தவர் பின்புறம் ஒளி ஊடுருவும் அடுக்கும் உள்ளே அடர்த்தியான அடுக்கும் வைத்து, எந்த இடத்தில் பல் முடிந்து ஒட்டு தொடங்குகிறது என்று தேட வைத்துவிடுவார்.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காம்போசிட் எனாமல் அளவுக்குக் கெட்டியில்லை. சில ஆண்டுகளில் பளபளப்பு மங்கும். காபி, தேநீர், புகையிலைக் கறை ஓரத்தில் கோடு போட்ட மாதிரிப் பிடிக்கும். நுனி சிறிதாகச் சில்லு உடையலாம். அப்போதைக்கப்போது மெருகு போடவோ, உடைந்த இடத்தில் கொஞ்சம் சேர்க்கவோ வேண்டிவரும். ஆனால் அந்தப் பழுதெல்லாம் ஒட்டின பொருளுக்குத்தான், பல் அப்படியே இருக்கும். பத்து வருடம் கழித்து பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடான வெனீரோ, கேப்போ வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்குப் போட்டுக்கொள்ளலாம். கேப்புக்குச் செதுக்கிவிட்டால் பாண்டிங்குக்குத் திரும்பி வரும் வழி கிடையாது.

ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் அந்த மஞ்சள் நிறத்துக்கு விடை தெரிய வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். அடிபட்ட பல்லுக்குள் பற்கூழ் பல வருடம் ஓசைப்படாமல் மாறிக்கொண்டிருக்கும். சில பற்களில் உள்ளே கால்சியம் படிந்து படிந்து பற்கூழ் அறையே சுருங்கிவிடும். அப்போது பல் மஞ்சளாகத் தெரியும், பெரும்பாலும் வைத்தியம் எதுவும் தேவைப்படாது. வேறு சில பற்களில் பற்கூழ் இறந்து, பல் சாம்பல் நிறமாக மங்கி, வேர் நுனியில் வலியே இல்லாமல் சீழ் கட்டும். எது என்று வெளியே இருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் வேர் நுனிவரை தெரியும் எக்ஸ்ரே ஒன்று கட்டாயம் வேண்டும். குளிர் வைத்தோ மின் கருவியாலோ பற்கூழைச் சோதித்தும் பார்க்க வேண்டும். 22 வருடத்துக்கு முந்தைய அடி என்பதால் இது தேவையில்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இறந்த பற்கூழ் என்று தெரிந்தால் முதலில் வேர் சிகிச்சை. அதன் பிறகு பல்லுக்குள்ளிருந்தே வெளுப்பாக்க வழி இருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஒட்டு.

வெளுப்பு மருந்து முதலில், ஒட்டு பிறகு

வாங்கி வைத்த மருந்தை ஒட்டிய பிறகு போடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். வெளுப்பு மருந்து பல்லின் நிறத்தை மாற்றும், காம்போசிட்டின் நிறத்தை மாற்றாது. ஒட்டிய பிறகு வெளுப்பாக்கினால் பல் வெளுத்து, ஒட்டு மட்டும் பழைய நிறத்தில் தனியாகத் தெரியும். வெளுப்பாக்கிய உடனே ஒட்டவும் கூடாது. பல்லில் தங்கும் ஆக்சிஜன் பிசின் இறுகுவதைக் கெடுக்கும், நிறமும் நிலைக்க நாளாகும். இரண்டு வாரம் பொறுப்பது நல்லது. வலப்பக்கச் சொத்தையைத் திறந்து வைத்துக்கொண்டு வெளுப்பாக்கினால் கூச்சம் தாங்காது, அதை முதலில் அடைத்துவிடுங்கள். மருந்தையும் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நிறம் பார்ப்பதில் ஒரு சின்னச் சங்கதி. வாயைத் திறந்து வைத்த சில நிமிடங்களிலேயே பல் உலர்ந்து வெளுத்துவிடும். அதனால் ரப்பர் விரிப்பு மாட்டுவதற்கு முன், பல் ஈரமாக இருக்கும்போதே, முடிந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டும். நான் ஒட்டும் பசை தடவாமல் ஒரு பொட்டு காம்போசிட்டைப் பல்லில் வைத்து, ஒளி காட்டி இறுக வைத்து, கண்ணாடியைக் கையில் கொடுப்பேன். பிடிக்கவில்லை என்றால் நகத்தால் தட்டினாலே உதிர்ந்துவிடும். வேலை முடிந்த அன்று உங்கள் சொந்தப் பல் வெளிறி, ஒட்டு மட்டும் கறுத்த மாதிரித் தெரிந்தால் பதறாதீர்கள். ஓரிரு நாளில் பல் ஈரத்தை வாங்கித் தன் நிறத்துக்கு வந்துவிடும்.

பழைய வெள்ளி அடைப்பு

அதில் ஏறக்குறைய பாதி பாதரசம் என்பது உண்மை. மற்ற உலோகங்களோடு கலந்து கெட்டிப்பட்ட பாதரசம் அது. பாதரச மாசைக் குறைக்க 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கையில் இந்த அடைப்பையும் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவரீதியாகத் தவிர்க்க முடியாத சந்தர்ப்பம் தவிர, இதைப் புதிதாக வைப்பதை நிறுத்திவிட்டது. இதற்கெல்லாம் முக்கியக் காரணம் சுற்றுச்சூழல். நல்ல நிலையில் இருக்கும் பழைய அடைப்பைப் பயந்து தோண்டி எடுக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் சொன்னதும் இதுவே: மருத்துவத் தேவை இல்லாமல் எடுக்காதீர்கள். எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகமாக வெளிவரும், நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும்.

ஓரம் நாக்கில் தட்டுவது கவனிக்க வேண்டியதுதான். கீழே புதுச் சொத்தை இருக்கிறதா, பல்லில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஓரத்தைத் தேய்த்து மெருகு போட்டாலே தீரலாம். இருந்தால் மாற்றத்தான் வேண்டும். வெள்ளையாக இருந்தால் அழகு என்பது மட்டும் காரணமென்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் விட்டுவிடுவேன்.

நறநறவென்று கடிப்பது

கணவர் சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கத்தில் கடிக்கும் அழுத்தத்தில் விழித்திருக்கும்போது உள்ள கட்டுப்பாடு இருக்காது. எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் முன்பல் நுனி அதில் தெறித்துவிடலாம். காலையில் தாடை கனக்கிறதா, பல் நுனிகள் தேய்ந்து தட்டையாகியிருக்கின்றனவா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தேவையென்றால் இரவில் மாட்டும் பல் காப்பு செய்து தருவார்கள். ஒட்டு முடிந்த பிறகு அளவெடுத்துச் செய்தால்தான் அது பொருந்தும். ஆசிரியை என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன்: பேனா மூடியைப் பல்லில் கடித்துத் திறக்கும் பழக்கம் உண்டா? நகம் கடிப்பது, நூலைப் பல்லால் அறுப்பது, உறையைப் பல்லால் கிழிப்பது எல்லாவற்றையும் அந்தப் பல்லுக்காக விட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் முடியுமா?

முடியாது, முடிக்கவும் வேண்டாம். ஆனால் ஒரு மாதம் பெரும்பாலும் போதும். முதல் வாரம் முன்பல்லுக்கும் இரண்டு கடைவாய்ப்பற்களுக்கும் எக்ஸ்ரே, பற்கூழ் சோதனை, பல் சுத்தம். ஈற்றில் ரத்தம் கசிந்தால் ஒட்டு பிடிக்காது, அதனால் சுத்தம் செய்வது கட்டாயம். ஈறு அடங்கியதும் வலப்பக்கச் சொத்தையை அடைத்துவிடலாம். முன்பல்லில் பற்கூழ் நலமாக இருந்தால், நேரம் இடித்தால் வெளுப்பை விட்டுவிட்டு இப்போதைய நிறத்துக்கே ஒட்டிக்கொள்ளுங்கள். வெளுப்பும் வேண்டுமென்றால் வேலையில் சேர்ந்த பிறகு ஒட்டினாலும் குடிமுழுகிப் போகாது. வேர் சிகிச்சை தேவை என்று தெரிந்தால் அதற்கு உரிய நேரத்தைக் கொடுங்கள்.

கடைவாயை அடைத்த பிறகு சில நாள், சிலருக்கு இரண்டு வாரம்வரை, லேசான கூச்சம் இருக்கலாம். நாளுக்கு நாள் குறைந்தால் கவலையில்லை. கடிக்கும்போது மட்டும் அந்தப் பல் முதலில் முட்டி வலித்தால் அடைப்பு மயிரிழை உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். மரத்துப்போன வாயில், படுத்தபடி, கடி எங்கே முட்டுகிறது என்று பார்க்கத் தரும் நீலத்தாளைக் கடித்துக் காட்டும்போது இது தப்பிவிடுவது சகஜம். பழகிவிடும் என்று காத்திருக்காமல் திரும்பப் போங்கள். தேய்த்துச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பதிலாக வலி கூடிக்கொண்டே போனாலோ, நான் மேலே சொன்ன ராத்திரி வலி தொடங்கினாலோ உடனே போங்கள்.

முன்பல் முடிந்ததும் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்து, கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு 'வ' வரும் சொற்களைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'வ' சொல்லும்போது மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டை மெல்லத் தொடும். பல் நீளமாகிவிட்டால் உதட்டில் இடிக்கும், குட்டையாகிவிட்டால் காற்று நழுவும். 22 வருடம் குறைப் பல்லோடு பேசிப் பழகிய உதடு என்பதால் முதல் நிமிடம் எல்லாமே புதிதாகத்தான் தோன்றும். நீங்கள் நாளை எடுக்கப்போகும் பாடத்திலிருந்து ஒரு பத்தியை அங்கேயே முழுதாகச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் இடித்தால் நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் சொல்லிவிடுங்கள், இறுதி மெருகு போடுவதற்கு முன் மாற்றுவது சுலபம்.